ரெட்ரோ பைக் வாங்கப் போகிறீர்களா? டேங்கில் உள்ள பெயரோடு நிறுத்திவிடாதீர்கள்

உருண்டை ஹெட்லைட், புடைத்த டேங்க், கொஞ்சம் குரோம், நிமிர்ந்து உட்காரும்படி ஒரு சீட். இந்தத் தோற்றத்தில் வண்டி வேண்டுமென்றால் ஒரு காலத்தில் புல்லட்டை விட்டால் வேறு வழியில்லை. இப்போது அப்படி இல்லை. டிரையம்ப், ஹார்லி, ஜாவா, யெஸ்டி, பி.எஸ்.ஏ., ஹோண்டா, டி.வி.எஸ். என்று ஒரே தெருவில் நாலைந்து ஷோரூம் ஏறி இறங்கலாம். பெயர்கள் இங்கிலாந்து, அமெரிக்கா, செக், ஜப்பான் என்று உலகத்தையே சுற்றி வருகின்றன. ஆனால் இரண்டு, இரண்டரை லட்ச ரூபாய் வட்டாரத்தில் இவற்றில் எதை வாங்கினாலும் அது இந்தியாவில் செய்த வண்டிதான்.

அப்படியானால் எங்கே செய்தது என்று பார்ப்பதில் என்ன இருக்கிறது? நிறையவே இருக்கிறது. முதல் முறையாக இந்த வகை வண்டி வாங்குகிறவர்கள், அதுவும் நம் காசு எங்கே போகிறது என்று கொஞ்சமாவது யோசிக்கிறவர்கள், என்ன வரிசையில் விசாரிக்கலாம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு கேள்வியை நாலாக உடையுங்கள்

'இது எந்த நாட்டு வண்டி?' என்று கேட்டால் சேல்ஸ்மேன் தனக்கு வசதியான பதிலைத்தான் சொல்வார். அதனால் பெயர் எந்த ஊருடையது, வடிவமைத்தது எங்கே, எந்த ஆலையில் செய்து வெளியே வருகிறது, கம்பெனி யார் கையில் இருக்கிறது என்று நாலு கேள்வியாகக் கேளுங்கள்.

டிரையம்ப் ஸ்பீடு 400-ஐ எடுத்துக்கொள்வோம். பெயர் இங்கிலாந்து. வடிவமைப்பு வேலை நடந்தது இங்கிலாந்தின் ஹின்க்லியில் உள்ள டிரையம்ப் தலைமையகத்தில். வண்டி வெளியே வருவதோ புனே அருகே சாக்கனில், பஜாஜ் ஆலையிலிருந்து. டிரையம்ப் இன்னும் பிரிட்டிஷ் முதலாளியிடம்தான் இருக்கிறது. பெரிய டிரையம்ப்களான பான்வில் வகைகளாவது இங்கிலாந்தில் செய்ததாக இருக்கும் என்று நினைத்தால், அவை தாய்லாந்தின் சொன்புரியிலிருந்து வருகின்றன.

பி.எஸ்.ஏ. கோல்டு ஸ்டார் 650 இதற்கு நேர் எதிர். பெயர் பர்மிங்காம். ஆனால் அந்தப் பெயரை 2016-இல் மகிந்திரா குழுமத்தின் கிளாசிக் லெஜண்ட்ஸ் வாங்கிவிட்டது. ஆலை மத்தியப் பிரதேசத்தில், இந்தூர் அருகே பீத்தம்பூரில். அதே ஆலையில்தான் ஜாவாவும் யெஸ்டியும். அதாவது பெயர் மட்டும் வெளியூர், சொந்தம் உள்ளூர். மைசூரில் ஐடியல் ஜாவா ஆலை 1960-களிலிருந்து 1996 வரை ஓடியதால், ஜாவாவை வெளிநாட்டு வண்டி என்று சொன்னால் அந்தக் காலத்து மெக்கானிக்குகள் சண்டைக்கே வருவார்கள்.

ஹார்லி எக்ஸ்440 ராஜஸ்தானின் நீம்ராணாவில் ஹீரோ செய்வது. டி.வி.எஸ். ரோனின் நம்ம ஓசூர்க் கம்பெனி வண்டி, பெயரில் மட்டும் ஜப்பான் வாடை. இந்த டி.வி.எஸ்.தான் 2020-இல் நார்ட்டன் என்ற பழைய பிரிட்டிஷ் கம்பெனியை வாங்கியது, அதன் ஆலை இங்கிலாந்தின் சோலிஹல்லில் இருக்கிறது. ஹோண்டாவின் கதை இன்னும் வேடிக்கை. 2020-இல் சி.பி.350 முதலில் இந்தியாவுக்கு வந்தது. அடுத்த ஆண்டு அதே வண்டி ஜி.பி.350 என்ற பெயரில் ஜப்பானில் விற்பனைக்குப் போனது, அங்கே விற்பதைக் குமாமோட்டோ ஆலையில் செய்தார்கள். நம் ஊருக்காகப் பிறந்த வண்டியை ஜப்பான்காரர்கள் விரும்பி ஓட்டுகிறார்கள்.

சென்னைக் கதையைத் தனியாகத்தான் சொல்ல வேண்டும்

ராயல் என்ஃபீல்டு இங்கிலாந்தின் ரெட்டிச்சில் தொடங்கிய கம்பெனி. முதல் மோட்டார் சைக்கிள் 1901-இல் வந்தது, 'புல்லட்' என்ற பெயர் 1932-இல். சுதந்திரத்துக்குப் பிறகு இந்திய ராணுவத்துக்கு எல்லையில் ரோந்து போக வண்டி தேவைப்பட்டது. மெட்ராஸ் மோட்டார்ஸ் மூலம் இறக்குமதியான புல்லட் பிடித்துப்போனது. 1955-இல் இங்கிலாந்துக் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கி, திருவொற்றியூரில் ஆலை போட்டார்கள். ஆரம்பத்தில் அங்கிருந்து பாகங்கள் வந்தன, இங்கே பூட்டினார்கள். போகப்போக எல்லாவற்றையும் இங்கேயே செய்யப் பழகிக்கொண்டார்கள்.

அதற்குள் இங்கிலாந்தில் தொழில் படுத்துவிட்டது. 1967-இல் ரெட்டிச் ஆலை மூடியது, கொஞ்ச நாளில் கம்பெனியும் போனது. மெட்ராஸ் நிற்கவில்லை. 1977-இல் திருவொற்றியூர் வண்டி இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது. 1990-களில் ஐஷர் என்ற இந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. ஒரகடம் ஆலை 2013-இல் தொடங்கியது, வல்லம் வடகால் 2017-இல்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. இன்று விற்கிற ரெட்ரோ வண்டிகளில் பெரும்பாலானவை, எப்போதோ நின்றுபோன பெயரைத் தோண்டி எடுத்துப் புதிதாகச் செய்தவை. புல்லட் நின்றதே இல்லை. ஊர் மாறியது, முதலாளி மாறினார், எஞ்சின் மாறியது, செய்வது மட்டும் நிற்கவில்லை. 'ஒரிஜினல் புல்லட் இங்கிலாந்துதானே' என்று யாராவது சொன்னால், ரெட்டிச்சை விடத் திருவொற்றியூரும் ஒரகடமும்தான் அதை அதிக காலம் செய்திருக்கின்றன என்று தாராளமாகச் சொல்லலாம்.

ஷோரூமில் புல்லட் 350 நிற்கும். பக்கத்தில் போய் டேங்கின் தங்கக் கோட்டைக் கவனியுங்கள். அது ஸ்டிக்கர் இல்லை, தூரிகையால் கையில் போடுவது. வளைவில் கோடு கொஞ்சம் தடித்து, திரும்பியதும் மெலியும். இரண்டு வண்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் கோடுகள் மயிரிழை மாறியிருக்கும். வரிசையாக ரோபோக்கள் பெயின்ட் அடிக்கிற ஆலையில் அந்த ஒரு வேலை இன்னும் மனிதர் கையில் இருக்கிறது.

இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இதே ஒரகடம் பகுதியில் 2018-இல் ராயல் என்ஃபீல்டு, யமஹா தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்க உரிமையும் அதில் ஒரு பிரச்சினை. நம்ம ஊரில் செய்த வண்டி என்று பெருமைப்படுகிறவர்கள், நம்ம ஊர்க்காரர்களை எப்படி நடத்துகிறார்கள் என்றும் அவ்வப்போது செய்தி பார்ப்பது நல்லது. பெருமையை மட்டும் எடுத்துக்கொண்டு இதை விட்டுவிட முடியாது.

உங்களுக்கு ஏன் இது முக்கியம்?

இதற்குப் பதில் ஆளுக்கு ஆள் மாறும். பதிலைப் பொறுத்து வண்டியும் மாறும்.

பக்கத்து ஊர்களில் வேலைவாய்ப்பு வளர வேண்டும் என்பது உங்கள் எண்ணமென்றால், உங்கள் பட்டியல் சின்னது: ராயல் என்ஃபீல்டு, டி.வி.எஸ். இந்திய முதலாளிக்கே லாபம் போகட்டும் என்றால் ஜாவா, யெஸ்டி, பி.எஸ்.ஏ. சேர்ந்துகொள்ளும். பெயரின் பரம்பரைதான் வேண்டும், ஆலை எங்கிருந்தால் என்ன என்றால் டிரையம்ப், ஹார்லி பக்கம் போகலாம். தரம்தான் கவலை என்றால், ஆலை இருக்கும் நாட்டை வைத்துத் தரத்தை எடைபோடுவதை விட்டுவிடுங்கள். சாக்கனில் செய்கிற டிரையம்பின் பெயின்ட்டும் சுவிட்சும் தடவிப் பார்த்தாலே தெரியும். 'இந்தியாவில் செய்தது என்றால் ஒரு மாற்றுக் குறைவுதான்' என்று சொல்கிறவர்களுக்கு அந்த ஒரு வண்டியைக் காட்டினால் போதும்.

முழுக்க ஒரே ஊரில் செய்த வண்டி என்று ஒன்று எங்கும் கிடையாது. ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் தடுப்பது) ஒரு கம்பெனி, டயர் ஒரு கம்பெனி, சிப் எங்கோ கடல் தாண்டி. அதே போல ஒரகடத்து வண்டி பாகங்களாகப் போய்த் தாய்லாந்திலும் பிரேசிலிலும் பூட்டப்படுகிறது. அதனால் நூற்றுக்கு நூறு உள்ளூர் என்று தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். கடைசியாகப் பூட்டிய ஆலை, எஞ்சின் செய்த இடம், ஸ்பேர் எங்கிருந்து வரும் என்ற மூன்றும் தெரிந்தால் போதும்.

சேசிஸ் நம்பரைப் படிக்கலாம்

ஹேண்டில்பாருக்குக் கீழே, ஃபிரேமின் கழுத்தில் 17 எழுத்துகள் பொறித்திருக்கும். முதல் மூன்றும் செய்தவரின் குறியீடு. இந்தியா என்றால் முதல் எழுத்து எம், இரண்டாவது பெரும்பாலும் ஏ முதல் இ வரை ஏதாவது ஒன்று. ராயல் என்ஃபீல்டு என்றால் எம்-இ-3, பஜாஜ் என்றால் எம்-டி-2, டி.வி.எஸ். என்றால் எம்-டி-6. எம் என்று பார்த்தவுடன் இந்தியா என்று முடிவு கட்டாதீர்கள். இந்தோனேசியாவும் தாய்லாந்தும்கூட எம்மில்தான் தொடங்கும், இரண்டாவது எழுத்தில்தான் வித்தியாசம். ஜப்பான் என்றால் ஜே, இத்தாலி என்றால் இசட்.

குறியீடு கம்பெனிக்குத் தரப்படுவது, ஆலைக்கு அல்ல என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய வண்டி வாங்குகிறவர்கள் இதை மட்டும் நம்பாமல், முழுதாக இறக்குமதியானதா, பாகங்களாக வந்து இங்கே பூட்டியதா என்று நேரடியாகக் கேட்க வேண்டும். இந்தக் கேள்விக்குப் பின்னால் பணமும் இருக்கிறது. 2025 பட்ஜெட்டின்படி 1600 சி.சி.க்கு மிகாத வண்டி முழுதாக வந்தால் சுங்க வரி 40 சதவீதம், பிரித்த பாகங்களாக வந்து இங்கே பூட்டினால் 10 சதவீதம். இத்தாலியிலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ முழுதாக வரும் ரெட்ரோ வண்டியின் விலை ஏன் அப்படி எகிறுகிறது என்பது இதில் புரிந்துவிடும்.

350 என்ற கோடு

இந்தியாவில் ரெட்ரோ பைக் வாங்குகிறவர் எந்த ஊரில் செய்தது என்பதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டிய எண் இது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரை ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதைத் தாண்டினால் 40 சதவீதம். வரிக்கு முன் 1,50,000 ரூபாய் என்று இரண்டு வண்டிகளை வைத்துக்கொண்டால், ஒன்று 1,77,000 ஆகும், இன்னொன்று 2,10,000 ஆகும். 33,000 ரூபாய் வித்தியாசம், எஞ்சின் அளவுக்காக மட்டும்.

ராயல் என்ஃபீல்டின் கிளாசிக், ஹன்டர், புல்லட், மீட்டியோர் எல்லாம் 349 சி.சி. ஹோண்டா 348. ஜாவா 350-இன் எஞ்சின் உண்மையில் 334. ரோனின் 225. இவை எல்லாம் கோட்டுக்கு இந்தப் பக்கம். ஸ்பீடு 400, எக்ஸ்440, இன்டர்செப்டர் 650, கோல்டு ஸ்டார் அந்தப் பக்கம்.

இன்ஷூரன்ஸிலும் இதே கோடுதான். புது வண்டிக்கு ஐந்து வருட மூன்றாம் தரப்புக் காப்பீடு கட்டாயம். 2022 அறிவிப்பின்படி 150-க்கு மேல் 350 வரை 7,365 ரூபாய், 350-ஐத் தாண்டினால் 15,117. இதற்கு மேல் வரியும் உண்டு. அப்புறம் தமிழ்நாட்டில் ஆயுட்கால சாலை வரி. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட இருசக்கர வண்டிக்கு 12 சதவீதம், அதாவது இரண்டு லட்ச ரூபாய் வண்டிக்கு 24,000. இது ஓசூரில் செய்த வண்டிக்கும் உண்டு, நீம்ராணாவில் செய்ததற்கும் உண்டு. உள்ளூர் என்று தள்ளுபடி எதுவும் கிடையாது.

ஆகவே விளம்பரத்தில் போட்டிருக்கும் விலையை விட்டுவிட்டு, ஆன்ரோடு விலையை எழுதித் தரச் சொல்லுங்கள். அதில் 'ஹேண்ட்லிங் சார்ஜ்' என்று ஒரு வரி இருந்தால் எதற்கென்று கேளுங்கள். கட்டாய ஆக்சஸரி என்று லெக் கார்டு, சாரி கார்டு, டேங்க் கவர் எல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். சாரி கார்டு சட்டப்படி வேண்டும், டேங்க் கவரை நீங்களே வெளியே வாங்கிக்கொள்ளலாம்.

உட்கார்ந்து பாருங்கள், பிறகு தள்ளிப் பாருங்கள்

எந்த ஊரில் செய்தது என்பதையெல்லாம் விட இது பெரிய விஷயம். வண்டி உங்கள் உடம்புக்குப் பொருந்தவில்லை என்றால் பற்றெல்லாம் ஆறு மாதத்தில் கரைந்துவிடும்.

கிளாசிக் 350-இன் எடை 195 கிலோ. ஹன்டரும் ஹோண்டாவும் 181. ஸ்பீடு 400 அதைவிடக் கொஞ்சம் குறைவு, ரோனின் 160 கிலோ வட்டாரம். ஓடும்போது எடை தெரியாது. அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் சாய்வான தரையில் பின்னால் இழுக்கும்போதுதான் தெரியும். டெஸ்ட் ரைடுக்கு முன்பே, எஞ்சினை அணைத்துவிட்டு, சேல்ஸ்மேன் பிடிக்காமல் நீங்களாக ஒரு முறை முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். சென்டர் ஸ்டாண்ட் இருந்தால் போட்டுப் பாருங்கள்.

சீட் உயரம் பெரும்பாலும் 790 முதல் 805 மில்லிமீட்டர் வரை. எண்ணில் வித்தியாசம் சின்னது, ஆனால் சீட்டின் அகலத்தைப் பொறுத்துக் கால் எட்டுவது மாறும். பின்சீட்டில் வழக்கமாக யார் உட்காரப்போகிறார்களோ அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அழகுக்காகப் பின்சீட்டைக் குறுக்கிய வண்டிகள் உண்டு, வீட்டில் அதற்கு வாங்கிக் கட்டிக்கொள்வது நீங்கள்தான்.

வேகத்தைப் பற்றிச் சுருக்கமாக. 350 என்ஃபீல்டு சுமார் 20 குதிரைத்திறன், ஸ்பீடு 400 சுமார் 40. ஈ.சி.ஆரில் 80-இல் நிம்மதியாகப் போகிறவருக்கு முதலாவது போதும், மெதுவாகப் போகும்போதும் கியர் மாற்றாமல் இழுக்கும். திருச்சி நெடுஞ்சாலையில் பஸ்ஸை மின்னலாகத் தாண்ட ஆசைப்படுகிறவருக்கு அது போதாது. பெரியப்பா ஓட்டிய புல்லட்டின் 'தட் தட்' சத்தமும் அதிர்வும் அப்படியே கிடைக்கும் என்று எதிர்பார்த்தும் போகாதீர்கள். 2020-க்குப் பிறகு வந்த 349 சி.சி. எஞ்சினில் அதிர்வைக் குறைக்கும் பேலன்சர் உண்டு. கிக்கர் கிடையாது. புது வண்டியைப் பார்க்க வரும் பெரியவர்கள் முதலில் தேடுவது அதைத்தான்.

சக்கரத்தைக் கவனியுங்கள். கம்பி வீல்தான் ரெட்ரோவுக்கு அழகு. ஆனால் பெரும்பாலும் அதில் ட்யூப் இருக்கும், ஆணி குத்தினால் சக்கரத்தைக் கழற்றித்தான் ஆக வேண்டும். அலாய் வீலில் ட்யூப்லெஸ், அப்படியே பஞ்சர் கடை வரை ஓட்டிவிடலாம். தினமும் ஆபீஸ் போகிற வண்டி என்றால் நான் அலாய்தான் சொல்வேன். ஒரே மாடலில் விலை குறைந்த வகைக்கு ஒற்றைச் சேனல் ஏ.பி.எஸ். மட்டும், அதாவது முன் சக்கரத்துக்கு மட்டும் தருவார்கள். இரட்டைச் சேனலுக்குக் கூடுதல் காசு கேட்டால் கொடுத்துவிடுங்கள், குரோம் கண்ணாடிக்குக் கொடுப்பதை விட அது மேல்.

ஷோரூமை விட்டு வெளியே வந்து விசாரிக்க வேண்டியது

உங்கள் ஊர் மெக்கானிக்கிடம் போங்கள். 'இந்த வண்டிக்குக் கிளட்ச் கேபிளும் பிரேக் பேடும் எத்தனை நாளில் கிடைக்கும்?' என்று கேளுங்கள். ஆலை எங்கிருக்கிறது என்பதன் உண்மையான பலன் இங்கேதான் தெரியும். என்ஃபீல்டு ஸ்பேர் சின்ன ஊர்களிலும் கிடைக்கும், சென்னை ஜி.பி. ரோட்டில் வாங்க முடியாதது அபூர்வம். இது ஆலை பக்கத்தில் இருப்பதால் மட்டும் வந்த வசதி இல்லை, பல பத்தாண்டுகளாக ஊர் ஊராக மெக்கானிக்குகள் இதில் கைபழகியதும் காரணம். புதிதாக வந்த பெயர்களுக்கு அங்கீகார சர்வீஸ் சென்டர்தான் கதி. அது உங்கள் மாவட்டத்தில் இருக்கிறதா, இல்லை மதுரைக்கோ கோவைக்கோ போக வேண்டுமா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். தேனியிலோ ராமநாதபுரத்திலோ இருப்பவருக்கு இந்த ஒரு கேள்வியே பட்டியலைப் பாதியாக்கிவிடும்.

டெலிவரி நாளன்று

மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து, போட்டோ எடுப்பதற்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். இன்வாய்ஸில் உள்ள சேசிஸ் நம்பரும் ஃபிரேமில் உள்ளதும் ஒன்றா என்று எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். செய்த மாதமும் ஆண்டும் கேட்டு வாங்குங்கள், ஆர்.சி.யிலும் அது வரும். வருடக் கடைசியில் 'ஆஃபர்' என்று தள்ளும் வண்டிகளில் சில, பல மாதங்களாகக் குடோனில் நின்றவை. நின்ற வண்டியை வாங்கலாம், அதற்கேற்ற விலை குறைப்பும் புது பேட்டரியும் கேட்டு வாங்க வேண்டும்.

டயரின் பக்கவாட்டில் ஒரு நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 1425 என்றால் 2025-ஆம் ஆண்டின் 14-ஆவது வாரம். இரண்டு டயரையும் பாருங்கள், வண்டி செய்த மாதத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அந்த டயரில் எம்.ஆர்.எஃப். என்று போட்டிருந்தால், அந்தக் கம்பெனியும் திருவொற்றியூரில் பலூன் செய்து தொடங்கியதுதான்.

குரோமில் துருப்புள்ளி, ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு, டேங்கில் கீறல் இருந்தால் கையெழுத்துப் போடும் முன்பே சொல்லி, டெலிவரி நோட்டிலேயே எழுத வையுங்கள். வாய்வார்த்தையாக 'ஃபர்ஸ்ட் சர்வீஸ்ல பாத்துக்கலாம் சார்' என்பது பிறகு யாருக்கும் ஞாபகம் இருக்காது. அந்த முதல் சர்வீஸ் எத்தனை கிலோமீட்டரில், எத்தனை நாளுக்குள் என்று கையேட்டில் போட்டிருக்கும், இரண்டில் எது முந்துகிறதோ அப்போது விட்டுவிடுங்கள். தாமதமானால் வாரண்டியில் கை வைக்க அதுவே சாக்காகிவிடும்.